க்ளெய்ம் கேட்காத கஞ்சன்

"என் வீட்டுக்காரர் சொந்தப் பணத்துல கார் கண்ணாடி மாத்தியிருக்காரு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் கைக்குட்டையை எடுத்துக் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்பீக்கர் இந்தத் துப்பறியும் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. காணாமல் போன கணவனுக்காக அழுதவர்களைப் பார்த்திருக்கிறான். திரும்பி வந்த கணவனுக்காக அழுதவர்களையும் பார்த்திருக்கிறான். ஒருவர் தன் கிளிக்காக அழுதார், அதுவும் கிளி மாதிரியே. ஆனால் கணவன் தன் காசில் கண்ணாடி மாற்றியதற்கு அழுத முதல் ஆள் இவள்தான்.

"ஏங்க, அடுத்தவங்க பணத்துல மாத்தியிருந்தா அழுதிருக்க மாட்டீங்களா?" என்று கேட்டான்.

"மாட்டேன். அதுதான் அவர் வழக்கம்."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சல்லடை மேடம் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

சல்லடை என்பது அவருடைய பழைய ஆபீஸ்காரர்கள் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விண்ணப்பங்களைச் சலித்துக்கொண்டிருந்தவர். ஒரு பெரிய மனிதரின் கிடங்கு தீப்பிடிக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்ததால் வேலை போனது. அதன்பிறகுதான் இந்தத் துப்பறியும் ஆபீஸ். கீழே சலவைக்கடை. அவர்கள் இஸ்திரி போடும்போதெல்லாம் மேலே தரை சூடாகும். குளிர்காலத்தில் வசதி, மற்ற மாதங்களில் ஸ்பீக்கர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வான். ஸ்பீக்கர் என்ற பெயருக்கு விளக்கம் தேவையில்லை. வீடு வீடாக வாக்குவம் கிளீனர் விற்றவன். ஒருமுறை மேடம் வீட்டுக் கதவைத் தட்டினான். கிளீனர் விற்கவில்லை, அவன் விலை போய்விட்டான்.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் மேடம்.

வந்தவள் ஒரு கல்லூரி நூலகர். நாற்பத்தைந்து வயது. சத்தம் போடாமலே பேசிப் பழகிய குரல். கொண்டையில் குத்தியிருந்த கருப்பு ஊசிகள் எல்லாவற்றின் நுனியிலும் நீல டேப் சுற்றியிருந்தது. கிழிந்த புத்தகத்தின் முதுகில் ஒட்டுகிற துணி டேப். ஊசி தலையைக் குத்தாமல் இருக்க. கையில் கிடைத்ததையெல்லாம் பைண்டிங் பண்ணுகிறவள் போல, என்று ஸ்பீக்கர் நினைத்துக்கொண்டான்.

அவள் கணவர் ஒரு ஆடிட்டர். கஞ்சன் என்றால் சாதாரணக் கஞ்சன் இல்லை.

"குடை காத்துல மடங்கிக்கிச்சுன்னு வீட்டு இன்ஷூரன்ஸ்ல பணம் கேட்டவரு. குடுத்துட்டாங்க. பேசி முடியலைன்னு குடுத்துட்டாங்க. ஊருக்குப் போனப்போ பெட்டியோட ஒரு சக்கரம் உடைஞ்சுது. நாலு சக்கரத்துக்கும் வாங்கினாரு. மத்த மூணுக்கும் மனவருத்தமாம்."

"பாதிக்கப்பட்ட சக்கரங்கள்" என்றான் ஸ்பீக்கர்.

"அப்பேர்ப்பட்டவரு, போன வியாழக்கிழமை முன்கண்ணாடியைக் கைக்காசு போட்டு மாத்தியிருக்காரு. பில்லை அவர் சட்டைப் பையில பாத்தேன். ஏன்னு கேட்டா, ஆபீஸ்லேருந்து வரும்போது லாரியிலேருந்து கல் தெறிச்சுதுன்னாரு."

"தெறிக்கும்தானே?"

"அவர் ஆபீஸுக்கு ரயில்ல போறவரு. பெட்ரோல் மிச்சம்."

மேடம் பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சின்னச் சேதத்துக்கு நிறையப் பேர் க்ளெய்ம் கேக்க மாட்டாங்க. வருஷம் பூரா கேக்காம இருந்தா அடுத்த வருஷ பிரீமியத்துல தள்ளுபடி உண்டு. அது போயிடுமேன்னு பயம்."

"அந்தப் பயம் இவருக்கு இல்ல மேடம். கண்ணாடிக்குன்னு தனியா சேத்துக் கட்டியிருக்காரு. கண்ணாடி உடைஞ்சா முழுசும் கம்பெனியே குடுக்கும், தள்ளுபடியும் போகாது. பாலிசியை நானே மூணு தடவை படிச்சேன்."

"அப்போ கேட்டா முழுசும் இலவசம். கேக்காததுனால முழுசும் நஷ்டம்." மேடம் பில்லை மேசையில் வைத்தார். "கஞ்சன் பணத்தை விடுறான்னா, பணத்தை விடப் பெருசா எதையோ இறுக்கிப் பிடிச்சிருக்கான். அந்த ஃபாரத்துல நாலு கேள்விதான் முக்கியம். எங்கே, எப்போ, எப்படி, ஓட்டினது யாரு. அதுல ஒண்ணுக்கு அவரால பதில் எழுத முடியல."

நூலகர் தலையைக் குனிந்துகொண்டாள். "வேற யாரோ ஒருத்தி இருக்கா மேடம். சனிக்கிழமை எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். பெட்டி கட்டி வெச்சாச்சு. அதுக்குள்ள எனக்கு உண்மை தெரியணும். எதுவா இருந்தாலும் சரி."

அன்று புதன்கிழமை.

"வீட்டுல வேற யாரு?"

"மாமனார் மட்டும்தான். ஃபுட்பால் ரெஃப்ரீயா இருந்தவரு. வயசாச்சு. வீட்டோட இருக்காரு."

"நீங்க கார் ஓட்டுவீங்களா?"

"நானா? எனக்கு எங்க அதெல்லாம்?" என்று அவள் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள்.

மேடமும் ஒரு நொடி மின்விசிறியைப் பார்த்தார்.

*

கண்ணாடிக்கடை என்பது உண்மையில் ஒரு நீளமான ஷெட். சுவரோரம் கார் கண்ணாடிகள் நடுவில் அட்டை செருகி நிற்க வைக்கப்பட்டிருந்தன. ஒரு காரின் முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் பொக்கை வாயோடு நின்றது. கடைக்காரர் இரண்டு கைகளிலும் ரப்பர் உறிஞ்சான்களைப் பிடித்துப் புதுக் கண்ணாடியைத் தூக்கி அதில் பதித்துக்கொண்டிருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் அதை இறக்கி முடிக்கும்வரை ஸ்பீக்கரே வாயை மூடிக்கொண்டிருந்தான். அது ஒரு சாதனை.

பில்லைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் மாறியது. "இவரா! மறக்க முடியுமா? பழைய கண்ணாடியை எடைக்குப் போட்டா எவ்வளவு வரும்னு கேட்டாரு. ஒட்டின பசையில மீதி இருந்ததைக் குழாயோட எடுத்துட்டுப் போனாரு."

"அவரேதான்" என்றான் ஸ்பீக்கர். "ஆனா உங்களுக்கு முழுப் பணம் குடுத்தாராமே?"

"அதாங்க எனக்கும் புரியல. இன்ஷூரன்ஸ்ல போட்டா உங்க கையிலேருந்து ஒண்ணும் போகாதுன்னு நான்தான் சொன்னேன். ஃபாரம்கூட நானே குடுத்தேன். இங்கதான் உக்காந்து எழுதினாரு. எங்கே, எப்போ, எப்படி. மளமளன்னு எழுதினாரு. கடைசிக் கேள்விக்கு வந்தாரு, பேனா நின்னுடுச்சு. கால் மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தாரு. டீ வாங்கிக் குடுத்தேன். குடிச்சாரு. அப்புறம் ஃபாரத்தை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு, 'நானே கட்டுறேன்'னாரு."

"கடைசிக் கேள்வி என்ன?" என்றார் மேடம், தெரிந்துகொண்டே.

"வண்டியை ஓட்டினது யாரு, லைசென்ஸ் நம்பர் என்ன."

ஸ்பீக்கர் மேடத்தைப் பார்த்தான். மேடம் புதுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லாரிக் கல்லுன்னு எழுதினாரா?"

கடைக்காரர் சிரித்தார். "எழுதினாரு. நான் ஒண்ணும் சொல்லல. வாடிக்கையாளர் பாருங்க. ஆனா கல்லு பட்டா குழி வெளிப்பக்கம் இருக்கும். இதுல வெளிப்பக்கம் வழவழன்னு இருந்துது. குழி உள்பக்கம். ஓட்டுறவருக்குப் பக்கத்து சீட்டுக்கு நேரா, என் கட்டைவிரல் அளவுக்கு."

"உள்ளேருந்து அடிச்சிருக்காங்க!" ஸ்பீக்கரின் குரலுக்கு ஷெட்டில் இருந்த கண்ணாடிகள் எல்லாம் லேசாக அதிர்ந்தன. "மேடம், இது சண்டை! பக்கத்துல உக்காந்திருந்த ஆள் எதையோ எடுத்து வீசியிருக்கு!"

"மெதுவாப் பேசுய்யா. இங்க இருக்கிறதெல்லாம் உடைஞ்சா அத்தனைக்கும் க்ளெய்ம் கேக்க முடியாது" என்றார் மேடம். பிறகு கடைக்காரரிடம், "பக்கத்து சீட்டு எப்படி இருந்துது?"

கடைக்காரர் யோசித்தார். "நல்லாக் கேட்டீங்க. முழுசாப் பின்னாடி தள்ளி, கட்டில் மாதிரி சாச்சிருந்துது. வேலைக்கு இடைஞ்சலா இருக்கேன்னு நிமித்தப் போனேன். 'தொடாதீங்க'ன்னாரு. ஒரு மாதிரியாச் சொன்னாரு. அழுகை வர்ற மாதிரி."

கண்ணாடியைக் கழற்றும்போது அதற்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் ஏதாவது கிடைக்குமா என்று மேடம் கேட்டார். அதற்காகவே காத்திருந்தவர் போலக் கடைக்காரர் உள்ளே போய், ஒரு காலி ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்தார். சில்லறை, ஒற்றைத் தோடு, பேனா மூடி, யாரோ ஒருவருடைய பால் பல். கார்களின் முன்னிடுக்கில் இவ்வளவு குடும்ப வாழ்க்கை சிக்கிக்கிடக்கும் என்று ஸ்பீக்கர் நினைத்ததே இல்லை.

"அவர் வண்டியில கிடைச்சது ரெண்டு. அவர்கிட்ட நீட்டினேன். இதைப் பாத்ததும் மூஞ்சி செத்துப்போச்சு. நீங்களே வெச்சுக்குங்கன்னுட்டாரு." ஒரு கருப்புக் கொண்டை ஊசி. நுனியில் நீல டேப். "இது ஓட்டுறவர் பக்கத்து மூலையில கிடந்துது. இன்னொண்ணு பக்கத்து சீட்டுப் பக்கம்."

இரண்டாவது பொருள் சாம்பல் நிற ரப்பர் மூடி. சிறிய கிண்ணம் மாதிரி. அடிப்பக்கம் தேய்ந்திருந்தது.

ஷெட்டுக்கு வெளியே வந்ததும் ஸ்பீக்கர் ஆரம்பித்தான். "ஊசி நம்ம நூலகர் அம்மாவோடது. ஆனா அவங்க எப்பவும் பக்கத்து சீட்டுலதானே உக்காருவாங்க? ஊசி எப்படி ஓட்டுற பக்கம் போச்சு? தலை மட்டும் தனியா ஓட்டுச்சா?"

"தலையோட சேத்து உடம்பும்தான் ஓட்டியிருக்கு" என்றார் மேடம். "கேள்வி கேட்டப்போ மின்விசிறியைப் பாத்தாங்க. மின்விசிறி ஓடல. கவனிச்சியா?"

"இந்த ரப்பர்?"

மேடம் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

*

நூலகத்தில் வைத்து ஒருவரை விசாரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஸ்பீக்கருக்கு அன்றுதான் தெரிந்தது. அவன் ரகசியமாகக் கேட்ட முதல் கேள்விக்கே நாலு மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி "உஷ்" என்றாள்.

"ஊசி உங்களோடதா?" என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டினான்.

நூலகர் அதைப் படித்தாள். எழுந்து, அவர்களைப் பழைய செய்தித்தாள் கட்டுகள் இருந்த அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நாலு மாசமா டிரைவிங் கத்துக்கிறேன்" என்றாள். "சொல்லியிருக்கணும். தப்புதான். ஒரு டீச்சரம்மா சொல்லிக் குடுக்கிறாங்க. சொந்த வண்டியில ஓட்டினாதான் கை படியும்னாங்க. அவர் ரயிலுக்குப் போனப்புறம், எனக்கு லீவு இருக்கிற நாள்ல எடுப்பேன்."

"வீட்டுக்காரர்கிட்ட ஏன் மறைச்சீங்க?" என்றார் மேடம்.

"கேட்டேனே! மூணு வருஷம் முன்னாடியே கேட்டேன். 'வீட்டுக்கு ஒரு காரு, ஒரு காருக்கு ஒரு டிரைவர். இன்னொரு லைசென்ஸ் எதுக்கு, சும்மா வெச்சுப் பாக்கவா?'ன்னாரு." அந்தக் குரலில் இப்போதும் கோபம் மிச்சமிருந்தது. "லைசென்ஸ் வாங்கி, அவர் முன்னாடி நீட்டணும்னு வெச்சிருந்தேன். டெஸ்ட் திங்கட்கிழமை."

"கண்ணாடி மாத்தினதுக்கு முந்தின நாள், போன புதன்கிழமையும் ஓட்டினீங்களா?"

"காலையில. பதினோரு மணிக்கு எங்க அபார்ட்மென்ட் கீழ்த்தளத்துல கொண்டுவந்து நிறுத்தினேன். டீச்சரம்மா அப்படியே போயிட்டாங்க. கண்ணாடி முழுசா இருந்துது மேடம், சத்தியமா. நான் உடைச்சிருந்தா சொல்ல மாட்டேனா?"

ஸ்பீக்கர் ஒரு செய்தித்தாள் கட்டின்மேல் உட்கார்ந்தான். தூசி கிளம்பியது. "கொஞ்சம் பொறுங்க. சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் வர்றாரு. கண்ணாடி உடைஞ்சிருக்கு. உங்க உயரத்துக்கு ஓட்டுற சீட்டு முன்னாடி தள்ளியிருக்கு. அப்போ அவர் என்ன நினைச்சிருப்பாரு? நீங்கதான் உடைச்சீங்கன்னு. நீங்க அவரு உடைச்சாருன்னு."

நூலகர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னைக் காப்பாத்தவா பொய் சொன்னாரு?"

"அது பாதிதான்" என்றார் மேடம். "உங்களைக் காப்பாத்துறதுன்னா சீட்டைத் தொடாதேன்னு ஒருத்தர் அழ மாட்டாரு. சாவி எங்க இருக்கும்?"

"சமையலறைக் கதவுக்குப் பின்னாடி. ஆணியில."

"சாயங்காலம் எல்லாரும் வீட்டுல இருப்பீங்களா?"

*

ஆறு மணிக்கு ஆடிட்டர் கதவைத் திறந்தார். ஒல்லியான மனிதர். வீட்டுக்குள்ளேயே இருந்தும் ஹாலில் ஒரே ஒரு விளக்கைத்தான் போட்டிருந்தார். சல்லடை மேடம் தான் யார் என்று சொன்னதும், அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். அறைக்குள் கட்டி வைத்திருந்த பெட்டி கதவிடுக்கில் தெரிந்தது.

"துப்பறியறவங்களா?" ஆடிட்டரின் குரல் இறங்கிப்போனது. "அப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உனக்கும் தெரிஞ்சுடுச்சா?"

"எனக்கு என்ன தெரியணும்?" என்றாள் நூலகர்.

"எனக்குத் தெரிஞ்சதை நான் யார்கிட்டயும் சொல்லல. ஃபாரத்துல கூட எழுதல."

"என்ன தெரியும்? சொல்லுங்களேன்!"

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. டொக். டொக். டொக். இரும்பு தரையில் மோதுகிற சத்தம். பெரியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். நல்ல உயரம். இடது முழங்காலில் பட்டை. கையைக் கட்டிக்கொண்டு மைதான நடுவில் நிற்கிற தோரணை இன்னும் போகவில்லை.

"என்ன இங்க தகராறு?" என்றார்.

ஸ்பீக்கர் கைத்தடியின் நுனியைப் பார்த்தான். வெறும் இரும்பு. வாயைத் திறந்தான். மேடம் அவன் காலை மிதித்தார். அவன் வாயை மூடினான்.

மேடம் கைப்பையிலிருந்து சாம்பல் நிற ரப்பர் மூடியை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினார். "உங்களோடதுதானே சார்? ஒரு வாரமா இது இல்லாம வழுக்குமே. கார் டாஷ்போர்டுல கிடைச்சுது."

பெரியவர் கை நீட்டவில்லை. அவருடைய காதுகள் சிவந்தன. ஆயிரம் ஆட்டக்காரர்களை மைதானத்தை விட்டு வெளியே அனுப்பிய மனிதர், மருமகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"போன புதன்கிழமை செமிஃபைனல்" என்றார். "இந்த வீட்டுல ஸ்போர்ட்ஸ் சேனல் கிடையாது. போன வருஷம் இவன் நிறுத்திட்டான். கார்ல மட்டும்தான் ரேடியோ நல்லா எடுக்கும். மத்தியானம் யாரும் இல்லாதப்போ கீழ போய் உக்காந்து கேப்பேன். முழங்கால் மடங்காது. சீட்டை நல்லாப் பின்னாடி தள்ளிச் சாச்சுக்குவேன்."

ஆடிட்டர் டிவி பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கடைசி நாலு நிமிஷம். கோலுக்கு முன்னாடி அவன் கையில பந்து படுது. ரேடியோவுல சொல்றவனே கத்துறான். ரெஃப்ரீ குடுக்கல! பெனால்டியைக் குடுக்கல!" பெரியவரின் குரல் ஏறியது. "முப்பது வருஷம் விசில் ஊதினவன் நான். 'பெனால்டிடா குருடா'ன்னு கம்பை நீட்டினேன். நீட்டினப்புறம்தான் தெரிஞ்சுது, முன்னாடி மைதானம் இல்ல, கண்ணாடின்னு."

ஸ்பீக்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை.

"அப்புறமா சொல்லிடலாம்னுதான் இருந்தேன்" என்றார் பெரியவர். "அதுக்குள்ள மருமக கேட்டப்போ இவன் லாரி, கல்லுன்னு ஏதோ சொன்னான். சரி, பையனுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, மருமக முன்னாடி அப்பனைக் காட்டிக்குடுக்காம பழியை லாரி மேல போடுறான்னு நெனைச்சேன். பெருமையா இருந்துது. அதுக்கப்புறம் எப்படி வாயைத் திறப்பேன்?"



நூலகர் கணவர் பக்கம் திரும்பினாள். "அப்போ உங்களுக்குத் தெரிஞ்சுதுன்னு சொன்னீங்களே, அது என்ன?"

ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓட்டுற சீட்டு உன் உயரத்துக்கு முன்னாடி வந்திருந்துது. பக்கத்து சீட்டு யாரோ ஒரு நெட்டை ஆளுக்காகச் சாஞ்சிருந்துது. கண்ணாடி உள்ளேருந்து உடைஞ்சிருந்துது. நீ யாரோடயோ... ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டை..." மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஓட்டினது நான்தான்னு ஃபாரத்துல பொய் கையெழுத்துப் போட எனக்கு வரல. உன்கிட்ட கேக்கவும் வரல. கேட்டா நீ பதில் சொல்லிடுவியேன்னு பயம்."

"அதுக்குப் பதிலா அவ்வளவு பணத்தைக் கட்டினீங்களா?"

"கட்டினேன்."

"நீங்களா?"

"எண்ணித்தான் குடுத்தேன். ஆனா குடுத்தேன்."

நூலகர் சமையலறை வாசலில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரும் வந்தது, அது வேறு. "எனக்கு வேற ஆளு வேறயா? உங்க ஒருத்தரை வெச்சுச் சமாளிக்கிறதுக்கே எனக்கு நேரம் பத்தல!" பிறகு நான்கு மாதப் பயிற்சியை, டீச்சரம்மாவை, திங்கட்கிழமை டெஸ்ட்டை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். நூலகத்தில் அவள் குரல் இவ்வளவு உயர்ந்திருந்தால் அவளையே "உஷ்" என்றிருப்பார்கள்.

ஆடிட்டர் கேட்டுக்கொண்டே நின்றார். முகத்துச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. மனைவி முடித்ததும் அப்பாவைப் பார்த்தார். "சேனல் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டேன். ரேடியோவுல ஃப்ரீயா வருதேன்னு சொன்னே."

"அந்தக் கண்ணாடி விலைக்கு எத்தனை வருஷம் சேனல் பாத்திருக்கலாம் சார்?" என்றான் ஸ்பீக்கர், ஒன்றும் தெரியாதவன் போல.

ஆடிட்டரின் உதடுகள் அசைந்தன. கணக்கு மனசுக்குள் ஓடி முடிந்தது. "ஆறு" என்றார். "ஆறு வருஷம், ரெண்டு மாசம்." சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். சல்லடை மேடம் பக்கம் திரும்பிய அந்தக் கண்களில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. "மேடம், நீங்க க்ளெய்ம் ஆபீஸ்ல இருந்தவங்கன்னு சொன்னீங்க. வண்டி நின்னுட்டு இருந்துது. ஓட்டினது யாரும் இல்ல. உண்மையை அப்படியே எழுதலாம். இப்போ கேட்டா குடுப்பாங்களா?"

"உண்மையை எழுதியிருந்தா மறுநாளே குடுத்திருப்பாங்க" என்றார் மேடம். "ஆனா கண்ணாடியைத் தொடுறதுக்கு முன்னாடி அவங்க ஆள் வந்து பாக்கணும். நீங்க மாத்தியாச்சு. பழைய கண்ணாடியும் போயாச்சு. லாரின்னு வேற எழுதி வெச்சிருக்கீங்க. என் மேசைக்கு வந்திருந்தா நான் ஒரு பைசா குடுத்திருக்க மாட்டேன்."

ஆடிட்டர் சோபாவில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி தாடையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"எந்திரிங்க" என்றாள் நூலகர். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்திருந்தாள். "சாயங்கால நெரிசல்ல நான் ஓட்டினதே இல்ல. திங்கட்கிழமை டெஸ்ட்டு. லைசென்ஸ் இருக்கிறவர் ஒருத்தர் பக்கத்துல உக்காரணும். இவங்களைப் பஸ் ஸ்டாப்புல விட்டுட்டு வரலாம்."

"பஸ் ஸ்டாப் நடக்கிற தூரம்தான்" என்று ஸ்பீக்கர் அவசரமாகச் சொன்னான்.

"உக்காருய்யா" என்றார் மேடம்.

பின்சீட்டில் மூன்று பேர். நடுவில் பெரியவர், கைத்தடியை முழங்காலுக்குக் குறுக்கே போட்டு இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். முன்சீட்டில் ஆடிட்டர். இந்தக் காரில் அவர் இந்தப் பக்கம் உட்கார்வது இதுதான் முதல் தடவை. இல்லாத பிரேக்கை வலது காலால் தேடிக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்துச் சரிவை நூலகர் ஒரே மூச்சில் ஏறினாள். வளைவில் ஒரு தூணை மயிரிழையில் தாண்டினாள். ஸ்பீக்கர் வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அன்று தானாக வாயை மூடிக்கொண்டான்.

முதல் சிக்னலில் பச்சை விழுந்தது. கார் ஒருமுறை எகிறி, அணைந்துபோனது. மறுபடி சாவியைத் திருப்பினாள். மறுபடியும் எகிறி அணைந்தது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அதன்பின்னால் இருந்தவை எல்லாம் சேர்ந்துகொண்டன. நூலகரின் விரல்கள் ஸ்டீயரிங்கில் வெளுத்துப்போயின. "என்னால முடியாது" என்று முணுமுணுத்தாள். "நீங்களே வாங்க இந்தப் பக்கம்."

ஆடிட்டர் கதவுப் பக்கம் திரும்பினார். இறங்கப்போகிறார் என்று ஸ்பீக்கர் நினைத்தான். அவர் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினார். ஒல்லி உடம்பை இடுப்புவரை வெளியே நீட்டி, பின்னால் நின்ற அத்தனை வண்டிகளையும் பார்த்து, அந்தத் தெரு அதுவரை கேட்டிராத குரலில் கத்தினார்.

"பொறுங்கய்யா! என் பொண்டாட்டி ஓட்டிட்டு இருக்கா!"